செல்போன் மாற்றியது எது, கட்டணம் மாற்றியது எது?

செல்போன் நம் அன்றாட வாழ்க்கையை உண்மையில் எப்படி மாற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். உலகத்தையே சுருக்கிவிட்டது என்று உங்கள் பேராசிரியர் சொல்வதையும், குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்று உங்கள் பாட்டி சொல்வதையும் எடுத்துக்காட்டி, இருவரில் யார் சொல்வது சரி என்றும் வினவியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அதை மாற்றித் தந்துவிட வேண்டுமா என்பது உங்கள் கடைசி வரி. நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை நீங்கள் கேட்டதாக எனக்குப் படவில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நம்மைச் சுற்றி நடந்த மாற்றங்களில் எவற்றைச் செல்போனின் கணக்கில் எழுதலாம், எவற்றை வேறு கணக்கில் எழுத வேண்டும் என்பதே உங்கள் ஐயம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்சில் வேலையைத் தொடங்கி, பிற்காலத்தில் மொபைல் பிரிவில் பில்லிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பில்லிங் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு ஓர் உண்மை கண்கூடாகத் தெரியும். புதிய கருவி சந்தைக்கு வந்த மாதத்தைவிடக் கட்டண விதி மாறிய மாதத்தில்தான் மக்களின் பழக்கம் சட்டென்று மாறும். யார் பணம் கட்ட வேண்டும், எந்த நொடியிலிருந்து காசு கழியும், ரீசார்ஜ் செய்யாவிட்டால் எது நின்றுபோகும் என்பவற்றைப் பொறுத்தே ஒரு வீட்டில் யாரிடம் போன் இருக்கும், அவர் யாரை எப்போது அழைப்பார் என்பது முடிவாகிறது. என் பதில் முழுவதும் இந்தக் கோணத்திலிருந்தே வரும். மனநலம், குழந்தை வளர்ப்பு போன்றவற்றில் எனக்குப் பயிற்சி இல்லை. அவற்றைத் தொட நேரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செல்போனுக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பங்கு அதற்கு உரியதில்லை என்பதால், அதற்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்குகிறேன். 1991-இல் நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் தொலைபேசி இணைப்புகள் இருந்தன. மக்கள்தொகையோ 84 கோடி. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். பக்கத்து வீட்டு எண்ணை ‘பி.பி.’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அச்சிட்ட குடும்பங்கள் ஏராளம். இந்த வறட்சியை முதலில் தணித்தது, வெளியூருக்கு நேரடியாக டயல் செய்து காசு கொடுத்துப் பேசும் எஸ்.டி.டி. பூத். 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் தூசியையும் வெயிலையும் தாங்கும் சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்தது. அவற்றின் வழியாகவும், தெருவுக்குத் தெரு முளைத்த பூத்துகளின் வழியாகவும் சிற்றூர் மக்கள் ஆபரேட்டர் இணைத்துத் தரும் வெளியூர் அழைப்பான ட்ரங்க் காலுக்கு ஒருநாள் முழுக்கக் காத்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். பேசியவரின் கண் எதிரே ஓடும் ரூபாயில் இருக்கும், வாய் ஊரில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கும். இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் கால்பங்காகக் குறையும் என்பதால், அந்த நேரத்தில் பூத் வாசலில் வரிசை நிற்கும். தூரத்து ஊரில் வேலைக்குப் போன மகனின் குரலை வீட்டார் வாரம் ஒருமுறையேனும் கேட்கத் தொடங்கியது இப்படித்தான். ஆகவே ‘தூரத்தைக் குறைத்தது’ என்ற பெருமையின் முதல் பாதி பூத்துக்கே சேர வேண்டும். அந்தப் பூத்துகளில் பல, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்து ஒதுக்கப்பட்டவை. செல்போன் பரவியபோது முதலில் பிழைப்பை இழந்தவர்களில் அவர்களும் அடக்கம் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதே ஆண்டில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு நிறுவனங்கள் சேவையைத் தொடங்கின. ஆனால் அதன்பின் ஏழெட்டு ஆண்டுகள் வரை சமூகத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. காரணம் எளிது: நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம் போகும், யாராவது உங்களை அழைத்தாலும் உங்களுக்கே காசு கழியும். அழைப்பு வந்ததும் எண்ணைப் பார்த்துத் துண்டித்துவிட்டு, பக்கத்துப் பூத்துக்குப் போய்த் திரும்ப அழைத்தவர்கள் இருந்தார்கள். கருவி அன்றும் இருந்தது, டவரும் இருந்தது. ஆனால் நாள் கூலிக்கு வேலை செய்பவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், அவருக்கு வேலை தர அழைக்கும் ஒவ்வொருவரும் அவருடைய காசைத்தான் கரைத்திருப்பார்கள்.

1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை நிறுவனங்கள் அரசுக்குக் கட்டிய கடுமையான உரிமக் கட்டணத்தை, வருவாயில் ஒரு பங்கைத் தரும் முறையாக மாற்றியது. 2002 இறுதியில் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். மொபைல் சேவைக்குள் வந்தது. தனியார் போட்டியும் கூடியது. இவற்றோடு சேர்த்து, நான் மிக முக்கியமானதாகக் கருதும் தேதி 2003 மே 1. அழைப்பவரே பணம் கட்ட வேண்டும், வரும் அழைப்பு இலவசம் என்ற முறை அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை செல்போன் வைத்திருப்பது ஒரு செலவு. அன்றிலிருந்து அது, காசில்லாவிட்டாலும் பிறர் நம்மை எட்டுவதற்கான வழி. தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், ஆட்டோ ஓட்டுநர், சமையல் மாஸ்டர் ஆகியோரின் எண்கள் சுவரிலும் மின்கம்பத்திலும் வண்டியின் பின்புறத்திலும் எழுதப்பட்டது இதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு அவர்களுக்கு வேலை வர வேண்டுமானால் காலையில் குறிப்பிட்ட ஒரு முனையில் நிற்க வேண்டும், அல்லது ஒரு மேஸ்திரியின் தயவில் இருக்க வேண்டும். மேஸ்திரி மறைந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். அவர் இன்றும் இருக்கிறார். ஆனால் கைத்தொழில் தெரிந்த ஒருவர் அவரைத் தாண்டி நேரடியாக வாடிக்கையாளரைப் பிடிக்க முடிந்தது, இது உறுதியான மாற்றம். இன்னொன்றும் உறுதி. லேண்ட்லைன் எண் வீட்டுக்கு உரியது. மணி அடித்தால் பெரும்பாலும் வீட்டுத் தலைவரே எடுப்பார், யார் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மகளைக் கூப்பிடுவார் அல்லது கூப்பிடாமல் விடுவார். எண் ஓர் ஆளுக்கு உரியதானபோது அந்தக் காவல் போயிற்று. உங்கள் பாட்டி சொல்லும் ‘குடும்பம் கெட்டது’ என்பதில் ஒரு பகுதி, இந்தக் காவல் போனதைப் பற்றிய வருத்தமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கட்டண விதி எப்படிப் பழக்கமாகிறது என்பதற்கு மிஸ்டு கால் போல் தெளிவான சான்று வேறில்லை. அழைப்பு ஒன்றில் மீட்டர் ஓடத் தொடங்குவது மணி அடிக்கும்போது அல்ல. எதிர்முனையில் எடுத்ததற்கான சமிக்ஞை நெட்வொர்க்குக்குத் திரும்பி வந்த பிறகுதான். அதற்குள் டவர், ஸ்விட்ச், இணைப்புத் தடம் எல்லாம் உழைத்துவிட்டிருக்கும். நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. இந்த இடைவெளியை நம் மக்கள் எந்த வகுப்பும் படிக்காமல் கண்டுபிடித்து, அதில் ஒரு மொழியையே அமைத்துக்கொண்டார்கள். ஒரு ரிங் என்றால் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கீழே இறங்கி வா, தொடர்ந்து அடித்தால் நீ கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு அகராதி இருந்தது. யார் மிஸ்டு கால் கொடுப்பது, யார் திரும்ப அழைப்பது என்பதிலும் ஒழுங்கு இருந்தது: மாணவன் அப்பாவுக்குக் கொடுப்பான், தொழிலாளி முதலாளிக்குக் கொடுப்பார், மறுதலையாக நடந்தால் கேலிக்கு ஆளாவார்கள். பிற்காலத்தில் இதை வியாபாரமாகவும் ஆக்கினார்கள். பெங்களூரில் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம், விளம்பரங்களுக்கு மிஸ்டு கால் எண் அமைத்துத் தருவதையே தொழிலாகச் செய்தது. 2015-இல் ட்விட்டர் அதை விலைக்கு வாங்கியது.

இதே மிஸ்டு கால், தொலைபேசி நிறுவனங்களுக்கு இடையிலான ஒரு சண்டையிலும் பங்கெடுத்தது; வெளியில் அதிகம் தெரியாத கதை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்கு அழைப்பு போனால், அழைத்தவரின் நிறுவனம் மற்ற நிறுவனத்துக்கு ஒரு சிறு தொகை தர வேண்டும். நிமிடத்துக்கு 14 காசாக இருந்த அது 2017 அக்டோபரில் 6 காசாகக் குறைந்தது, 2021 ஜனவரி முதல் இல்லாமலே போனது. 6 காசாக இருந்த காலத்தின் கடைசிப் பகுதியில், 2019-இல், மணி ஒலிக்கும் நேரத்தை ஒரு நிறுவனம் 20 வினாடி அளவுக்குக் குறைத்தது. போட்டி நிறுவனங்களும் தங்கள் நேரத்தைக் குறைத்தன. மணி சீக்கிரம் நின்றால் எடுக்கமுடியாமல் போனவர் திரும்ப அழைப்பார். அப்போது 6 காசு எதிர்த்திசையில் வரும் என்பதே இதன் நோக்கம் என்று போட்டியாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள், அந்த நிறுவனம் அதை மறுத்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு வீட்டுக்குள் வந்தது. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நடந்து வரும் வயதானவர்கள் போனைக் கையில் எடுப்பதற்குள் மணி நின்றுபோனது. கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் தலையிட்டு, மொபைலில் 30 வினாடியும் லேண்ட்லைனில் 60 வினாடியும் மணி ஒலிக்க வேண்டும் என்று விதித்தது. முழங்கால் வலிக்கும் ஒரு பாட்டியால் போனை எடுக்க முடிகிறதா இல்லையா என்பது எங்கோ ஒரு 6 காசுக் கணக்கோடு பிணைந்திருந்தது.

தமிழில் எழுதும் பழக்கத்துக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட் மட்டுமே அடங்கும். ஆங்கில எழுத்தென்றால் அதில் 160 போகும். யூனிகோடு தமிழென்றால் 70 குறிகள்தான், அதிலும் ‘கொ’ போன்ற ஓர் எழுத்துக்கு இரண்டு குறிகள் செலவாகும். ஒரே செய்தியைத் தமிழில் எழுதினால் இரண்டு மூன்று எஸ்.எம்.எஸ்.ஸாகக் கணக்காகும், அக்காலப் போன்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துருவும் கிடையாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2000-களின் நடுவிலேயே செல்லினம் வழியாகத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார் என்றாலும், ஊரில் பெருவாரியானவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கவே பழகிவிட்டார்கள். எழுத்துக்குக் கணக்குப் பார்க்கும் அந்த முறை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இளைஞர்களுக்குத் தமிழ்ப் பற்று குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் இந்த 70 என்ற எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஐயத்துக்கு இடமுள்ளவற்றுக்கு வருகிறேன். செல்போன் ஏழைகளின் வருமானத்தை உயர்த்தியது என்பதற்குப் பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டு கேரள மீனவர்கள். உங்கள் பேராசிரியரும் சொல்லியிருக்கக்கூடும். பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் படிப்படியாக டவர்கள் வந்தபோது, மத்தி பிடித்த மீனவர்கள் கடலிலிருந்தே பல கரைகளின் விலையைக் கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள்; கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவது நின்றது, மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்று அது காட்டியது. அந்த ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது. அந்த இடத்துக்கும் காலத்துக்கும் அதை நான் ஏற்கிறேன். ஆனால் பின்னர் ஜானகி சீனிவாசன், ஜென்னா பரல் என்ற ஆய்வாளர்கள் கேரளத்தில் ஆராய்ந்துவிட்டு, அந்த முடிவு வட கேரளத்தின் குறிப்பிட்ட சூழ்நிலைகளைச் சார்ந்தது, எல்லா மீனவர்களுக்கும் பொருந்தாது என்று 2013-இல் எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். வழியாகச் சந்தை விலையை அனுப்பிப் பார்த்த இன்னோர் ஆய்வு, அவர்களுக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க உயர்வு எதையும் காணவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. வலைக்கும் டீசலுக்கும் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் கரைக்குத்தான் மீனைக் கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கரையில் கூடுதல் விலை என்று போனில் தெரிந்துகொள்வது அவருக்கு மனவேதனையைத்தான் கூட்டும். ஆகவே ‘செல்போன் வந்தது, வறுமை குறைந்தது’ என்ற வாக்கியத்தைத் தேர்வுத்தாளில் எழுதுவதானால், கடனில்லாத மீனவருக்கு என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

2016-க்குப் பிறகு நடந்தது வேறு வகை மாற்றம். அந்த ஆண்டு ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, செப்டம்பர் 5-இல் ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கிச் சில மாதங்கள் டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது, நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மாதத்துக்கு ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் அளவில் செலவழித்து, அதையும் அளந்து அளந்து பயன்படுத்தியவர்கள், அடுத்த ஓராண்டுக்குள் நாளுக்கு ஒரு ஜிபி பயன்படுத்தத் தொடங்கினார்கள். பணத்தாள் தட்டுப்பாடுதான் மக்களை யு.பி.ஐ. பக்கம் தள்ளியது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அது ஒரு தூண்டுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிய தாள்கள் புழக்கத்துக்கு வந்த பிறகும் யு.பி.ஐ. வளர்ந்துகொண்டே போனதற்கு அது விளக்கமாகாது. 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று வந்ததும், ஓர் அட்டையில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீடு போதும், இயந்திரம் வாங்க வேண்டாம் என்று ஆனதும்தான் தள்ளுவண்டி வரை அதைக் கொண்டுசென்றன என்பது என் கணிப்பு. 2023 ஆகஸ்டில் யு.பி.ஐ. ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. மாலை நேரத்தில் ஒரு டீக்கடை முன் பத்து நிமிடம் நின்றுபாருங்கள். டீ மாஸ்டரின் இரு கையும் ஆற்றிக்கொண்டிருக்கும், கண் பாலில் இருக்கும்; கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள சிறு பெட்டி ‘பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது’ என்று சொன்னதும் தலையை மட்டும் அசைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிக்கும் பணம் வந்ததா என்ற ஐயத்தைத் தீர்த்தது அந்தப் பெட்டியின் குரல்தான். சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கையில் திணிக்கும் வழக்கமும் இதோடு பெருமளவு ஓய்ந்தது. இதைச் செல்போனின் கணக்கில் தயங்காமல் எழுதலாம்.

இழந்தவற்றில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது ஒன்றைச் சொல்கிறேன். பழைய லேண்ட்லைன் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரி வரிசையிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் செம்புக் கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது. ஊரே இருட்டில் இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். செல்போனோ இரண்டு இடத்தில் மின்சாரத்தை நம்பியிருக்கிறது: உங்கள் கையிலும் டவரின் அடியிலும். டவரில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பின் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் லாரி போகச் சாலை இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன்கள் மௌனமானதற்கு இந்தச் சங்கிலி அறுந்ததே முக்கியக் காரணம். நெட்வொர்க் பிழைத்திருக்கும் இடத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் தடம் கிடைக்காது. அப்போது குரல் அழைப்பு போகாவிட்டாலும் எஸ்.எம்.எஸ். போய்ச்சேர வாய்ப்பு அதிகம், ஏனெனில் அது பேச்சுத் தடத்தைப் பிடிக்காமல் சமிக்ஞைத் தடத்தில் போகிறது. புயல் நாட்களுக்காக இதை நினைவில் வைத்திருங்கள்.

பெண்களின் கையில் செல்போன் எந்த அளவுக்குச் சேர்ந்தது என்பதில் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாட்டில் 110 கோடிக்கும் மேற்பட்ட மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்ற செய்தியைப் பார்த்து, ஏறக்குறைய எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது சிம்களின் எண்ணிக்கை, ஒருவரிடமே இரண்டு மூன்று இருக்கும். தாமே பயன்படுத்தும் செல்போன் உண்டு என்று சொன்ன 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள், தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-இல் 46 சதவீதம், 2019-21-இல் 54 சதவீதம். அதாவது முதல் அழைப்பு நடந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் பாதிக்குச் சற்றே மேல். தமிழ்நாட்டில் இன்னொரு வழியிலும் செல்போன் பெண்களின் வாழ்க்கைக்குள் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து பேருந்துகளில் வந்து ஷிப்ட் முறையில் உழைத்து, சொந்தச் சம்பளம் பார்த்தார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் வேறு நிறுவனங்கள் ஐபோன் தயாரிக்கின்றன. அவற்றிலும் பெருவாரியாகப் பெண்களே. போனில் பேசியதால் வந்த சுதந்திரத்தைவிட, போனைச் செய்து சம்பாதித்ததால் வந்த சுதந்திரம் எங்கள் பகுதிக் குடும்பங்களில் கண்ணுக்குத் தெரிந்தது என்பேன்; இது நான் கண்ட அளவில் சொல்வது, ஆய்வு முடிவன்று.

வரும் அழைப்பு இலவசம் என்ற ஏற்பாடு இன்று பெயரளவில்தான் இருக்கிறது. 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு ‘லைஃப்டைம்’ என்று சொல்லி சிம் விற்றார்கள். காசு போடாவிட்டாலும் அழைப்பு வரும் என்று நம்பிப் பலர் வாங்கினார்கள். 2018 இறுதியில் 28 நாட்களுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்பும் நிற்கும் என்ற நிலை வந்தது. அந்தத் தொகை பின்னர் படிப்படியாக உயர்ந்தது. 28 நாள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று ரீசார்ஜ். 2003-இல் திறந்த கதவு இதனால் பாதி மூடிவிட்டது. அதே காலத்தில்தான் வங்கி, ஆதார், எரிவாயு, ரேஷன் எல்லாவற்றுக்கும் செல்போன் எண் தேவையாகிவிட்டது. ஒரு பொருள் விலை கூடினால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது. சமூகத்தை செல்போன் மாற்றியதில் மிக ஆழமான மாற்றம் என நான் நினைப்பது இதையே. இதன் நிழலாகவே மோசடிகளும் வந்தன. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி வீடியோ காலில் காவல் உடையில் மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பிள்ளைகளின் கவனம் சிதறுகிறதா, தூக்கம் கெடுகிறதா என்ற கேள்விகளை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும், பாட்டியின் கவலையில் அவையும் இருக்கும். அது என் தொழில் எல்லைக்கு வெளியே. பில்லிங் கணக்கு காட்டும் ஒன்றை மட்டும் சொல்லலாம்: டேட்டாவை எம்பி கணக்கில் அளந்து விற்ற காலத்தில் வீட்டில் யாரும் போனை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்றைய திட்டங்களில் நாள் ஒதுக்கீட்டை நள்ளிரவுக்குள் தீர்க்காவிட்டால் பெரும்பாலும் அது வீண். மிச்சம் பிடிப்பதற்கு எந்தப் பலனும் இல்லாதபடி அமைத்த விலைமுறை இது என்பதையும் பழக்கத்தின் காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அம்மாவின் பட்டன் போனைப் பற்றி: அவர் கேட்காதவரை மாற்றாதீர்கள். ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவை பழைய பட்டன் போன்களுக்கான 2ஜி சேவையை இன்னும் நடத்துகின்றன. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால், எண்ணை அங்கே மாற்றினால் மட்டும் பழைய போன் வேலை செய்யாது. டேட்டா தேவையில்லாதவருக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டதால் அத்தகைய திட்டங்கள் கிடைக்கின்றன. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். பணம் அனுப்ப வேண்டுமென்றால் 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யு.பி.ஐ. 123பே பட்டன் போனிலும் இயங்கும், *99# என்று டயல் செய்யும் வழியும் இருக்கிறது. இரண்டும் சற்று மெதுவானவை, முதல் சில முறை நீங்கள் பக்கத்தில் இருந்து செய்துகாட்ட வேண்டியிருக்கும். ஆனால் போனை மாற்றுவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. வங்கி, ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் அம்மாவின் பெயருக்கு எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது மகனுடைய பழைய எண்ணாகவோ எப்போதோ கைவிட்ட சிம்மாகவோ இருக்கும். 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத சிம்மை நிறுவனம் ரத்து செய்யலாம். பிறகு அதே எண் வேறொருவருக்கு விற்கப்படும், அம்மாவின் கணக்குக்கான ஓடிபி அவருக்குப் போகும்.